நாலரை அடி

பிப்ரவரி 3, திங்கள்

காலை 5.40 பஸ்ஸில் கோயமுத்தூர். 8.15க்குக் கண் ஆஸ்பத்திரி. டோக்கன் 31. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு பெண் வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "மூடிக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாராபுரம் பஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவனை, மணி பார்க்கவிடாமல் ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். கடிகாரமே தெரியவில்லை.

முடிவு: இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது, இடது கண் முற்றிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை என்று நான்கு பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

வீடு வந்தபோது மணி 3.20. மயிலா சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு கையால் ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் கொல்லைப்பக்கத்து வெயில். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆபீஸில் புதுப் பதிவேடு திறந்தால் முதல் பக்கத்தில் வண்டி விவரம் எழுதுவோம். புது டயரி, அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். பெயர் நாச்சிமுத்து, வயது 61, பணி ஓய்வு, சர்க்கரை உண்டு. மனைவி மயிலாத்தாள், வயது 57. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. முப்பத்தைந்து வருடமாக நாங்கள் கையால்தான் பேசிக்கொள்கிறோம். ஒரே மகள் சிந்துஜா, ஓசூரில் கம்பெனி வேலை. அவளுக்கு வாய்ப்பேச்சுக்கு முன்னால் கைப்பேச்சு வந்தது. எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால்தான் தூரம் தெரியும், கழற்றினால்தான் படிக்க முடியும். இதை எழுதும்போதுகூடக் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூக்கு மட்டும் காகிதத்தில் இடிக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மேற்படி விவரத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. கையில் நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. மயிலா சொல்வதை எழுதும்போது நானாகத்தான் 'நீங்கள்' போட்டுக்கொள்கிறேன். அவள் மனதில் என்ன போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் இருப்பது நல்லது.

பிப்ரவரி 5, புதன்

சென்னியப்பன் வந்தான். என்னோடு வேலை பார்த்த கண்டக்டர். போன வருடம் கண் ஆபரேஷன் செய்துகொண்டவன். அதிலிருந்து ஊரில் யார் கண்ணைக் கசக்கினாலும் அறிவுரை சொல்லப் போய்விடுகிறான்.

"நாச்சி, தூரத்து லென்ஸாப் போட்டுக்கய்யா. நானெல்லாம் இப்ப ரவுண்டானால நின்னுட்டே பழனி பஸ்ஸு போர்டப் படிக்கறேன். கண்ணாடியே கெடையாது."

"நீ எதுக்கு பழனி பஸ்ஸு போர்டப் படிக்கறே? எங்கயாச்சும் போறயா?"

"போகலீன்னா என்ன, தெரியுதல்லொ."

மயிலா இட்லி வைத்தாள். சென்னியப்பன் தட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்னியில் எறும்பு கிடக்கிறது என்றான். கடுகு. தூரத்து லென்ஸின் பெருமை அத்தோடு எனக்குப் போய்விட்டது.

மயிலா சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். முகம் அந்தப் பக்கம் இருந்தது.

பிப்ரவரி 8, சனி

இன்று நடந்ததை யாரிடமும் சொல்லப்போவதில்லை. டயரியில் மட்டும் எழுதுகிறேன்.

காலை 9.10க்கு மயிலாவின் அண்ணன் குட்டியானை சரக்கு வண்டியோடு வந்து வாசலில் நின்றார். கூட இரண்டு ஆள். என் டி.வி.எஸ். வண்டியைத் தூக்கி ஏற்றினார்கள். 1996இல் வாங்கியது. அதை நான் கழுவும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது வீட்டு விதி.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க மாப்பிள்ளை. தோட்டத்துக்குப் போய்வர இது போதுமுங்க. தங்கச்சி கேட்டொடனே நீங்க தலையாட்டிட்டீங்கன்னு எம் பையன் போனுக்கு எழுதி அனுப்பியிருந்துது. நான் நம்பவே இல்லைங்க."

நானும் நம்பவில்லை. எப்போது கேட்டாள்? நேற்று மாலை வாசற்படியில் நின்று நீளமாக என்னவோ கை ஆட்டினாள். மளிகை சாமான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எனக்குக் கை தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை. "பெட்ரோல் பாதி டேங்க் இருக்குதுங்க மச்சான்" என்றேன்.

மயிலா தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, போகட்டும். இந்தக் கண்ணோடு ஓட்டக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பாதயாத்திரைக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டில் ஒலிபெருக்கி. மயிலாவுக்கு மட்டும் நிம்மதி. மதியம் 12.30க்கு அவள் ஓடிவந்து இடது கையை என் முன்னால் நீட்டினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாயசம் ஆகிவிட்டது என்கிறாள் போலிருக்கிறது. தலையாட்டிவிட்டு, இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்று விரலைக் காட்டினேன். சாப்பிட உட்கார்ந்தபோது பாயசம் இல்லை. கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மயிலா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வயதாகிறது. வீடு அமைதியாக இருக்கிறது.

சண்டை போட்டுக்கூட நாளாகிவிட்டது. எங்கள் சண்டைக்கு ஒரு முறை உண்டு. அவள் ஆரம்பிப்பாள். கை வேகம் பிடிக்கும். நான் இரண்டு பதில் சொல்வேன். மூன்றாவதற்குப் பதில் இல்லாதபோது கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேப்பரை எடுத்துவிடுவேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் எவ்வளவு வைதாலும் எனக்கு அவள் ஒரு புடவை நிறம் மட்டுமே. சென்னியப்பன் வீட்டில் சண்டை என்றால் தெருவுக்கே கேட்கும். "உனக்குக் குடுத்து வெச்சிருக்குதய்யா" என்று என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவான். நானும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிந்துஜா வீடியோவில் பேசினாள். "அப்பா, எல்லாத் தூரமும் தெரியற லென்ஸ் இருக்குதாம். அதையே வெச்சுக்குங்க, செலவப் பத்தி யோசிக்காதீங்க" என்றாள். பிறகு அம்மாவும் மகளும் போனில் கையாட்டிப் பேச ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து நிமிடம். போன் திரையில் அந்த விரல்கள் எறும்பு மாதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மயிலாவும் கூட வருவதாகக் கிளம்பிவிட்டாள். 5.40 பஸ்.

கண்ணை அளந்தார்கள். பிறகு ஆலோசனை சொல்லும் அறை. ஜெனிஃபர் என்று ஒரு பெண், பொறுமைசாலி. டாக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரையால உங்க விழித்திரைல கொஞ்சம் பாதிப்பு இருக்குதுங்கய்யா. அதனால எல்லாத் தூரமும் தெரியற லென்ஸு உங்களுக்குச் சரிப்படாதுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ஒரே குவியம் உள்ள லென்ஸுதான். அதுவே நல்ல லென்ஸுதானுங்க, பயப்பட வேண்டாம்" என்றாள்.

"ஒரே குவியம்னா?"

"ஒரு தூரம் மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெளிவா இருக்கும். மத்ததுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். தூரத்துக்கு வைக்கலாம், இல்லைன்னா கிட்டத்துக்கு வைக்கலாம். உள்ள வெச்சப்பறம் மாத்த முடியாதுங்க. அதனாலதான் கேட்டு எழுதறோம். நீங்க ஒரு நாளைக்கு அதிகமா என்ன பண்றீங்க?"

"படிக்கறனுங்க. எழுதறேன்."

"அப்பக் கிட்டம். உங்களுக்குப் பழகினதும் அதுதான்."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. நாற்பத்திரண்டு வருடமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தவன், அறுபத்தொன்றில் போய்க் கண்ணாடி மாட்டிப் படிக்கப் பழகுவதா? படிவத்தில் 'கிட்டம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டேன். மார்ச் 5, புதன், வலது கண்.

"அம்மாவுக்கு ஏதாச்சும் கேக்கணுமுங்களா?" என்று ஜெனிஃபர் மயிலாவைப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பல்லடம் வரைக்கும் மயிலா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கைகள் இரண்டும் மடியில். அதற்கப்புறம் நான் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சர்க்கரை 148. மின்கட்டணம் கட்டியாயிற்று. விசேஷம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, சனி

சிந்துஜா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். காலை 10.50. அம்மாவைக் கட்டிக்கொண்டு, பையை வைத்துவிட்டு, நேராக என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா கெணத்துக்குள்ள யானை விழுந்துருச்சுன்னு சொன்னாங்களே, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"யானையா?"

"தலையாட்டினீங்களாம். மறுநாள் பால்காரர்கூட ஓடிப் போகப் போறேன்னு சொன்னாங்களாம். அதுக்கும் தலையாட்டிட்டு, சீக்கிரம் வான்னு வேற சொல்லி இருக்கீங்க."

சிரிக்க ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"கடைசியாத்தான் வண்டி. அதைக் கேட்டாலாச்சும் நீங்க கத்துவீங்கன்னு நெனைச்சிருக்காங்க. மாமா வந்து ஏத்தறப்பவாச்சும் வாயத் தொறந்து, மயிலா, எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லுவீங்கன்னு நின்னு பாத்திருக்காங்க. நீங்க பெட்ரோல் கணக்குச் சொன்னீங்களாம்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அப்பறம் ஆஸ்பத்திரில, அவளுக்கு ஒண்ணுமில்லைன்னீங்களாமே. வேற யாரு ஒதட்டப் படிக்காட்டியும் அம்மா உங்க ஒதட்டப் படிப்பாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? அம்மா உங்ககிட்டப் பேசறத நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சுப்பா. பாக்கறதுக்கு ஆளில்லாம எதுக்குக் கை வலிக்கணும்னு எங்கிட்டக் கேக்கறாங்க. அது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

மயிலா சமையலறையில் இருந்தாள். அங்கே போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

மேலே 13ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தேன். வீடு அமைதியாக இருக்கிறதாம். என்னைப்போல ஒரு மடையனை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மயிலாவின் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, ஒரு முனையைச் சிந்துஜாவிடம் கொடுத்து வீடு முழுக்க அளந்தேன். என் நாற்காலிக்கும் சமையலறை வாசற்படிக்கும் ஆறடி. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே மூன்றரை அடி. கொல்லையில் துணி காயப்போடும் இடத்துக்கும் துவைக்கும் கல்லுக்கும் ஐந்தடி. டி.வி. பார்க்கும்போது அவள் கீழே, நான் மேலே, நான்கடி. எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஏறக்குறைய நாலரை அடி. நாங்கள் இருவரும் குடும்பம் நடத்துவது இந்த நாலரை அடியில்தான். கிட்டமும் இல்லை, தூரமும் இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது.

மயிலா வந்து என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டாள். பக்கத்தில், ஒன்றரை அடியில் நின்று கேட்டாள். நன்றாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குக் கையில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சிந்துஜாதான் காட்டிக் கொடுத்தாள். செய்தேன். மயிலா பார்த்தாள். டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையால் தொடாதீர்கள் என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஷாஹிதா. நாற்பது வயது இருக்கும். படிவத்தைப் பார்த்து, "கிட்டத்துக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றார்.

"மாத்தணுமுங்க. எனக்கு நாலரை அடி வேணும்."

"நாலரை அடில என்னங்க இருக்கு?"

"என் சம்சாரத்தோட கை."

மயிலாவைப் பார்த்தார், சிந்துஜாவைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, "நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசிக்குவீங்கல்ல, அந்த மாதிரி நில்லுங்க" என்றார். நின்றோம். ஒரு பையனைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இதுவரை மயிலாவும் நானும் சேர்ந்து எதிலும் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

"வைக்கலாமுங்க. முழுத் தூரத்துக்கும் இல்லாம, கிட்டத்துக்கும் இல்லாம, நடுவுல. கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம், சென்டிமீட்டர் கணக்குக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. இனிமே வெறுங்கண்ணுல பேப்பர் படிக்க முடியாது. எழுத முடியாது. கண்ணாடியத் தேடணும். உங்கள மாதிரிக் கிட்டப்பார்வைக்காரங்க பல பேரு இதை வெச்சப்பறம்தான் வருத்தப்படுவாங்க. அவங்களுக்குக் கிட்டத்துல தெரியறது ஒரு வசதின்னே அதுவரைக்கும் தெரியாது."

விடியற்காலையில் எழுந்ததும் கட்டிலில் படுத்தபடியே வெறுங்கண்ணால் படிக்கும் சுகம் எனக்கு மட்டும்தான் தெரியும். டயரி எழுதுவதும் அப்படித்தான். இதெல்லாம் போய்விடும். இன்னொன்றும் போய்விடும், அதை டாக்டரிடம் சொல்லவில்லை. கழற்றி மடித்துப் பைக்குள் வைக்க இனி என்னிடம் ஒன்றும் இருக்காது.

சிந்துஜா எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கையால் சொன்னாள். மயிலா அவசரமாக என்னிடம் நெருங்கி வந்து, இரண்டடியில் நின்று சொன்னாள்: கிட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். படிப்பதுதான் உங்களுக்கு உயிர். நான் பக்கத்தில் வந்து பேசிக்கொள்கிறேன். கால் இருக்கிறதே.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"நாலரை அடியே வெச்சிரச் சொல்றாங்க" என்றேன்.

மயிலா என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. டாக்டர் சிரித்துவிட்டு, "கையே சொல்லுதே, அவங்க அதைச் சொல்லலைன்னு" என்றார். ஆனால் படிவத்தை அடித்துத் திருத்தினார். மயிலா அதை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். சாட்சி என்ற இடத்தில் மயிலாத்தாள் என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 1, சனி

பயமாக இருக்கிறது. சென்னியப்பனிடம் சொல்லவில்லை. மயிலாவிடம் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

சிந்துஜா எழுதுவது: அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பன்னிரண்டு நிமிஷம். உள்ளே போறதுக்கு முன்னாடி மணி என்ன, வெளிய வந்ததும் மணி என்னன்னு கேட்டு, எழுதச் சொன்னார். 10.42. 10.54.

மார்ச் 6, வியாழன்

காலை 8.30க்குக் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெளிச்சம். சுவர் இவ்வளவு வெள்ளையா? நான் ஏதோ டீ நிறம் என்று நினைத்திருந்தேன். நர்ஸின் சட்டை நீலம், நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்.

மயிலா எதிர்ச்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். என் பக்கத்தில் வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை. கையைத் தூக்கினாள். பத்து விரலும் தனித்தனியாக, நகம் வரைக்கும் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல். கல்யாணத்திலிருந்து இன்றுவரை கண்ணாடி இல்லாத கண்ணால் அவள் பேச்சை நான் பார்த்ததே கிடையாது.

என்ன சொல்லப்போகிறாளோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், என்றாள்.

குனிந்து பார்த்தேன். பட்டன் மங்கலாகத்தான் தெரிந்தது. அவளே வந்து கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

மார்ச் 8, சனி

சொட்டு மருந்து: காலை 6, 8, 10, 12, 2, 4, 6, 8. நேரம் தவறவில்லை. டைம் கீப்பருக்கு இது ஒரு வேலையா? தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. இடது கண் அடுத்த மாதம்; அதிலும் புரை ஏறி எழுத்து கலங்குகிறது, அதனால் படிக்கத் தற்காலிகமாக ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறேன். அதைத் தேடுவதற்கு இன்னொரு கண்ணாடி வேண்டியிருக்கிறது. இன்று மூன்று தடவை எரிச்சல் வந்தது. ஒருதரம் கிட்டத்துக்கே வைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். எழுதிவிடுகிறேன், மறைக்க வேண்டாம்.

மார்ச் 10, திங்கள்

மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது மயிலாவின் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு பார்த்தேன். நான்கு விரல் அகலம். தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. எப்போது என்று கேட்டேன்.

தைப்பூசத்தன்று, என்றாள். எண்ணெய். உங்களிடம் ஓடிவந்து காட்டினேனே.

அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டால் எப்படிப் பேசுவது என்று மற்றக் கையால் கேட்டாள். விட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மயிலா காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். எதிர்வீட்டு மருமகள், புளி விலை, சிந்துஜாவின் அலுவலகத்தில் யாரோ ஒரு பையன், ஓட்டில் வந்து உட்காரும் குரங்கு. இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாளோ. அவள் மாவாட்டிக்கொண்டே நடுநடுவே கையைத் துடைத்துவிட்டுச் சொல்வதையும் நான் ஆறடியிலிருந்து பிடித்துவிடுகிறேன். ஓரத்தில் லேசாக மங்கல் இருக்கிறது. பரவாயில்லை.

அவள் அண்ணன் போன் செய்து வண்டியைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டார். வேண்டாமுங்க, ஓட்டுங்க என்றேன். இந்த முறை கேள்வி என்ன என்று தெரிந்தே சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று சண்டை.

தப்பு என்னுடையதுதான். மாலை 4.10க்குத் தண்ணீர் கேன்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இருபது லிட்டர். பாரம் தூக்கக் கூடாது என்பது தெரியும். பதினெட்டு நாள் ஆகிவிட்டதே என்று தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தேன். திரும்பினால் மயிலா நிற்கிறாள்.

ஆரம்பித்தாள். கேன். டாக்டர் சொன்னது. பதினெட்டு நாளாக அவள் ராப்பகலாக மருந்து விட்டது. அங்கிருந்து வண்டி. வண்டியிலிருந்து 2009இல் அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் லீவு போடாதது. அங்கிருந்து சிந்துஜாவின் கல்லூரி. அங்கிருந்து, ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றுமில்லை என்று யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்பது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பதில் சொன்னேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

கை தானாக முகத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. காதோரத்தில் விரல் சும்மா தடவிக்கொண்டு நின்றது. மயிலா அதைப் பார்த்துவிட்டாள். அவள் கை ஒரு கணம் நின்றது.

பேப்பர்மேல் படிக்கிற கண்ணாடி கிடந்தது. அதை எடுத்து மாட்டினால் எழுத்து தெளியும், எதிரே இருப்பவள் மங்கிவிடுவாள். முன்பு கழற்றினால் மறைந்தவள், இப்போது மாட்டினால் மறைவாள். அந்த வசதி என்னைவிட்டுப் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொடையின் கீழே வைத்துக்கொண்டேன்.

அவள் தொடர்ந்தாள். பதினான்கு நிமிடம். முழுவதும் பார்த்தேன். அவள் சண்டையின் இரண்டாம் பாதியை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் பாதியைவிட அதில் கோபம் குறைவு, வருத்தம் அதிகம். மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. கடைசியில் ஒரு விரலை என்னை நோக்கிக் காட்டி, உள்ளங்கையை விரித்து, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

நீங்கள் சொல்லுங்கள்.

இது புதிதா என்று கேட்டேன். எப்போதுமா?

எப்போதும், என்றாள். ஒவ்வொரு தடவையும் கேட்பேன். நீங்கள் பேப்பரில் இருப்பீர்கள்.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் நிற்பாய்?

கொஞ்ச நேரம், என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டேன். முப்பத்தைந்து வருடமாக என் சண்டையை நான் ஜெயித்து முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், இவள் கையை விரித்துக்கொண்டு எனக்காக நின்றிருக்கிறாள்.

என் தப்புதான் என்றேன். அது பதில் இல்லை, எல்லாரும் சொல்வது, ஏன் என்று சொல்லுங்கள் என்றாள். எதிரே இருந்த நாற்காலியை நாலரை அடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தண்ணீர் கேனிலிருந்து ஆரம்பித்தேன்.